அண்ணன் படம் மாட்டாத வீடு

“…எங்கன இருக்காகன்னு மட்டும் சொல்லு ஆத்தா, வேற ஒண்ணும் நான் கேக்க மாட்டேன்” என்று அந்த மனிதர் சொன்னபோது நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் துணிக்கு நடுவிலேயே நின்றுவிட்டது. கெங்குவார்பட்டியில் என் வீட்டின் முன்னறைதான் தையல் கடை. ஆண்கள் வருவது அபூர்வம். வந்தாலும் வீட்டுக்காரியின் துணியை வாங்கிக்கொண்டு வாசலோடு போய்விடுவார்கள். இவர் உள்ளே வந்து, அளவு கொடுக்க வருகிற பெண்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, வாசலுக்கு முதுகைக் காட்டாமல் போட்டு உட்கார்ந்தார். வெளுத்த வேட்டி, நெற்றியில் சந்தனம், எலும்பு தெரிகிற தாடை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை, ஒரு மணி நேரம்கூட இருக்காது, பார்த்த முகம். ஆனாலும் வாயைத் திறந்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. எனக்கு முகம் மறந்துபோகும், பேச்சு மறக்காது. ‘உன் அண்ணன் எங்கன இருக்கான்’ என்று அவர் கேட்டிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ‘இருக்காக’ என்றார். தன்னைப் பத்து வருடம் ஜெயிலில் உட்கார வைத்தவரை ஒருவர் இவ்வளவு மரியாதையாகக் கேட்டால், அந்த மரியாதைக்குள் எதை மடித்து வைத்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

“அண்ணன் இல்ல. போன ஐப்பசியில தவறிட்டாக” என்றேன்.

அவர் நிதானமாகச் சுவர்களைப் பார்த்தார். ஒரு சுவரில் எங்கள் அப்பாவும் அம்மாவும் மாலையோடு இருக்கிறார்கள், மேலே ஒரு சின்ன சிவப்பு பல்பு எரிகிறது. பக்கத்தில் என் மாமனார். அதற்கப்புறம் வெறும் சுண்ணாம்புச் சுவர்தான்.

“வீரபாண்டியில பத்தடிக்குப் படம் வச்ச தங்கச்சி, செத்துப்போன அண்ணனுக்கு ஒரு சாண் படம் மாட்டலையாக்கும்? என்னைய யாருன்னு நெனச்ச ஆத்தா?”

நான் சொன்னது உண்மை. அவர் நம்பாமல் போனதற்கும் நான்தான் காரணம். அது எப்படியென்று சொல்ல வேண்டுமானால் அண்ணனிலிருந்து தொடங்க வேண்டும்.

அண்ணன் எனக்கு நாலு வயது மூத்தவர். எனக்கு நாற்பது வயதான பிறகும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிட்டார். லாரியில் கிளீனராகக் குமுளிப் பக்கம் ரெண்டு வருடம் அலைந்து, மலையாளம் பேசப் பழகி, அப்புறம் போலீஸ் பரீட்சை எழுதித் தேறினார். சில வருடம் காக்கிச் சட்டையோடு வந்து போனார். பிறகு சட்டையும் வருவதில்லை, அவரும் வருவதில்லை. கேட்டால், “சென்னையில ரெக்கார்டு ரூம்ல போட்டுட்டாக பாப்பா, பழைய கட்டுக்குத் தூசி தட்டுறேன்” என்பார். நாங்களும் நம்பினோம். பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் ‘மாப்பிள்ளைக்கு என்ன வேலை’ என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு அவர் சொன்ன பதிலில் சாரமே இல்லாததால் ஒரு இடமும் அமையவில்லை. கடைசிவரை தனியாகவே இருந்துவிட்டார்.

உண்மையில் அவர் தூசி தட்டவில்லை. எங்கள் ஊரிலிருந்து ரெண்டு பஸ் மாறினால் போய்விடக்கூடிய கம்பத்தில், வேறு ஒரு பெயரில், தாடி வளர்த்து, கைலி கட்டி, ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். விடிவதற்குள் பெண்களை ஏற்றிக்கொண்டு மேட்டுப் பாதையில் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஜீப்புகள் அங்கே ஏராளம். அந்த ஜீப்புகளில் பத்துப் பன்னிரண்டுக்குச் சொந்தக்காரர்தான் இப்போது என் கடையில் உட்கார்ந்திருக்கும் மனிதர். ஜீப் முதலாளி என்றால் கம்பத்தில் தெரியாதவர் இல்லை. தூக்குவாளிகளுக்கும் பழைய சேலை மூட்டைகளுக்கும் அடியில் கஞ்சாவும் மலை ஏறுகிறது என்று மேலிடத்துக்குச் சந்தேகம். அதை உள்ளே இருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. உள்ளூர்க்காரனை அனுப்பினால் சொந்தக்காரர்கள் கண்ணில் பட்டுவிடுவான் என்று சிலர் சொன்னபோது, பெரிய அதிகாரி ஒருவர், “வெளியூர்க்காரனை அனுப்பினா வாயைத் திறந்த ரெண்டாவது வார்த்தையில அந்தக் கும்பல் கண்டுபிடிச்சிரும். வந்தாக, போனாகன்னு தூக்கத்துலயும் பேசுற ஆள்தான் வேணும்” என்றாராம். அண்ணனின் பேச்சுதான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

அந்த வேலையைப் பற்றி அவர் பின்னாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு அப்படியே மனப்பாடம். “பொய்ப் பேரு வச்சுக்கிறது லேசு பாப்பா. அந்தப் பேரைக் கூப்பிட்டதும் திரும்பிப் பாக்கப் பழகணும், அதுக்கு ஒரு மாசம் ஆகும். ஆனா நம்ம சொந்தப் பேரைக் கூப்பிட்டா திரும்பாம நிக்கணும் பாரு, அது மட்டும் பழகவே பழகாது. கழுத்து தானா திரும்பும். அதைப் பிடிச்சு வச்சுக்கிறதுக்குத்தான் கவருமெண்டு சம்பளம்” என்பார். இன்னொரு நாள், “பயம் ராத்திரியில வராது. ஆள் நடமாட்டம் இருக்கிற பகல்லதான் வரும். எந்தத் திருப்பத்துல எந்த அத்தை நிக்குமோன்னு” என்றார்.

அந்த அத்தைக்குப் பதிலாக நான் நின்றேன்.

என் மகளுக்கு மூன்று வயதில் வீரபாண்டியில் காது குத்து வைத்தோம். எங்கள் பக்கம் தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்து கிடையாது. ஒரு மாதமாகப் போனில் கெஞ்சினேன். கடைசியில் அண்ணன், “லீவு கிடைக்காது பாப்பா. மடிதான வேணும்? என் போட்டோவ வச்சுக் குத்திரு, நான் வந்த மாதிரிதான்” என்று சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. போட்டோதானே வேண்டும், வைக்கிறேன் என்று தேனிக்குப் போய்ப் பத்தடிக்கு பிளெக்ஸ் அடித்தேன். எங்கள் ஜில்லாவில் விசேஷம் என்றால் தாய்மாமனை பிளெக்ஸில் நிறுத்துவது எல்லோரும் செய்வதுதான். வீட்டிலிருந்த ஒரே நல்ல படம், போலீஸ் பயிற்சி முடித்த அன்று தொப்பியும் சட்டையுமாக எடுத்தது. மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். பிளெக்ஸ் கடைக்காரர் தன் பங்குக்குப் பின்னால் ஒரு சிங்கத்தையும் சேர்த்து, ‘காவல்துறையின் வேங்கை’ என்றும் போட்டுக் கொடுத்தார். சிங்கம் ஒன்று, வேங்கை ஒன்று, எது அண்ணன் என்று யாரும் கேட்கவில்லை. கீழே குழந்தை பெயர், எங்கள் பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் கொட்டை எழுத்தில். தேனியிலிருந்து கம்பம் போகிற ரோட்டைப் பார்த்தபடி, மண்டபத்து வாசலில் நிமிர்த்திக் கட்டினோம்.

உச்சிப்பொழுது. காது குத்துகிற ஆசாரி வந்து உட்கார்ந்துவிட்டார். யார் மடி என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். கம்பம் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்து, மிகச் சரியாக அந்த பிளெக்ஸுக்குக் கீழே நின்றது. அந்த ரோட்டில் போகிறவர்கள் வீரபாண்டியில் இறங்கி அம்மனைக் கும்பிடாமல் தாண்ட மாட்டார்கள். சந்தனம் வைத்த ஒருவர் இறங்கினார், அவர்தான் முதலாளி. அவரோடு ஒரு தடித்த ஆள். வண்டி ஓட்டி வந்தவர் கடைசியாக இறங்கி, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி மறுகாலின் கெண்டைச் சதையில் ஊன்றி நின்றார். கொக்கு மாதிரி அப்படி நிற்காதே என்று எங்கள் அம்மா அடித்து அடித்தும் மாறாத நிலை அது.

“அண்ணே!” என்று கத்திவிட்டேன்.

முதலாளி திரும்பினார். தடித்த ஆள் திரும்பினார். ரோட்டில் போன ரெண்டு பேர் திரும்பினார்கள். அண்ணன் மட்டும் திரும்பவில்லை. பிறகு மெதுவாக, பஸ் போர்டைப் படிக்கிற மாதிரி என்னைப் பார்த்தார். மேலே தலைக்கு ரெண்டு அடி உயரத்தில் அவரே தொப்பி வைத்து மீசை முறுக்கிக்கொண்டு நின்றார். அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. வண்டி நிற்பதற்கு முன்பே பார்த்திருப்பார்.

“மொதலாளி, உங்களத்தான் கூப்புடுறாக போல” என்றார்.

அந்தக் குரல் எனக்குத் தெரியாத ஒருவரின் குரல். எனக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனால் ஏதோ ஒரு கதவை எனக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. எங்கள் ஊரில் யாரையும் அண்ணே என்று கூப்பிடலாம் என்பது அன்றைக்குத்தான் சாமி கொடுத்த வரமாகத் தோன்றியது. “ஆமாண்ணே, பிள்ளைக்குக் காது குத்து. வாசல் வரைக்கும் வந்துட்டு ஒரு வாய் சாப்பிடாமப் போகக் கூடாதுண்ணே” என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னேன்.

முதலாளி சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். “தாய்மாமன் போலீஸாக்கும். எங்கன ஆளு?”

என்ன சொல்வதென்று தெரியாமல் வாயைத் திறந்தேன். ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்தது அப்படியே கொட்டிவிட்டது. “அந்தத் துரை எங்கண்ணே வருவாரு? ஒரே தங்கச்சி, ஒரே பிள்ளை, மடியில வச்சுக்கிட ஆளில்ல. போட்டோவ வச்சுக் குத்துன்னு சொல்றாரு. பெத்தவுக இருந்திருந்தா இப்படிப் பேசுவாரா? இவரெல்லாம் ஒரு தாய்மாமனா? இவரு மீசைக்கு ஒரு முறுக்கு!” என்று ஆரம்பித்து, சின்ன வயதில் என் பங்கு பணியாரத்தைத் தின்றதுவரை திட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. திட்டு வாங்குகிறவர் மூன்று அடி தள்ளி நின்று துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

தடித்த ஆள் சிரிக்கவில்லை. பிளெக்ஸைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி பிளெக்ஸைப் பார்த்தார். “ஏலே, போலீஸ்காரனுக்கு உன் மூக்குலே” என்றார்.



அண்ணன் அப்போதுதான் அண்ணாந்தார். நன்றாக, பொறுமையாகப் பார்த்தார். “ஆமாண்ணே, அச்சு அசலா என் மூக்குதான். மொதலாளி, எனக்கும் ஒரு தொப்பி வாங்கிக் குடுத்துருங்க. செக்போஸ்ட்டுல வண்டி நிக்கவே நிக்காது” என்றார். முதலாளி தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர் சிரித்ததும் தடித்த ஆளும் சிரிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சிரிப்போடு முதலாளி ஒன்று சொன்னார்: “ஏலே, மூக்குப் பொருத்தம் வேற இருக்கு, மடி இல்லாமப் பிள்ளை நிக்குது. போய் உக்காருலே. புண்ணியமாப் போகும்.”

அப்படித்தான் என் மகளுக்கு அவளுடைய சொந்தத் தாய்மாமன் மடியிலேயே காது குத்தியது, அவரைக் கொன்று போட்டிருக்கக்கூடியவரின் உத்தரவில். சமையல்கட்டிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “அட, மச்சா…” என்று தொடங்கினார். அவர் பாதத்தைக் குதிகாலால் மிதித்தேன். நகம் பெயர்ந்து பத்து நாள் நொண்டினார். வந்திருந்தவர்கள் எல்லாம் என் வீட்டுக்காரர் பக்கத்து உறவு, அண்ணனை எங்கள் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி, தாடிக்குள் அவரைத் தெரியவில்லை. குழந்தை வீறிட்டபோது அண்ணன் அவள் தலையைத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “முடிஞ்சுருச்சு ஆத்தா, முடிஞ்சுருச்சு” என்று அந்த அந்நியக் குரலிலேயே சொன்னார். என்னை ஒரு தடவையும் பார்க்கவில்லை. மூவரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஜீப் மறைந்ததும் பிளெக்ஸை நானே அறுத்து இறக்கினேன். காற்றில் கிழிந்துவிட்டது என்று சொன்னேன். அன்று காற்றே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் முதலாளியும் தடித்த ஆளும் பிடிபட்டார்கள். அண்ணன் மீசையில்லாமல், தாடியில்லாமல் ஒரு மத்தியானம் வந்தார். “உன் திட்டுதான் பாப்பா என்னைக் காப்பாத்துச்சு. அவ்வளவு நெசமா யாராலயும் நடிக்க முடியாது” என்றார். “நான் நடிக்கலண்ணே” என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம். போகும்போது ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: “என் முகம் இனிமே எங்கனயும் தொங்கக் கூடாது. நான் செத்தாலும் மாட்டக் கூடாது. நம்ம பிடிச்சது பாதிதான், மீதி வெளிய இருக்கு.”

ஜாமீனும் வாய்தாவுமாக நாலைந்து வருடம் இழுத்த வழக்கில் சாட்சி சொன்ன பிறகு அவர் இந்தப் பள்ளத்தாக்குக்குள் வரவே இல்லை. வெவ்வேறு ஊர், வெவ்வேறு பெயர். மகள் பெரியவளானபோது அனுப்பியவர் பெயர் இல்லாத பார்சலில் ஒரு பட்டுப்பாவாடை வந்தது. அவர் வேலையில் பதக்கம் கிடைத்ததா, யாராவது தட்டிக் கொடுத்தார்களா, எனக்குத் தெரியாது. கடமலைக்குண்டுப் பக்கத்து வாத்தியார் ஒருவர் ஒருமுறை துணி தைக்கக் கொடுக்க வந்தபோது, “அந்தக் கும்பலைப் பிடிச்ச பிறகு ரெண்டு வருசம் எங்க பள்ளிக்கூட வாசல்ல கஞ்சாப் பொட்டலம் வரல. யாரு புண்ணியவானோ” என்றார். யாரென்று சொல்ல நாக்கு துடித்தது. அளவு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அண்ணனோ தன் வேலையைப் பற்றி வேறு மாதிரிதான் சொன்னார். “கஞ்சா மூட்டையைச் சுமந்தது பாரமில்ல பாப்பா. கம்பத்துல அந்த ஒரு வீட்டுல சாப்பிட்ட சோறுதான் இன்னும் செரிக்கல.”

இத்தனையும் என் மனதில் ஓடி முடிவதற்குள், முதலாளி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டிருந்தார்.

“பத்து வருசமா உள்ள உக்காந்து அந்த போர்டத்தான் ஆத்தா படிச்சுக்கிட்டிருந்தேன். மூக்கைப் பாத்தும் தெரியலையேன்னு. அதுல ஊர்ப்பேரு இருந்துச்சு. நான் ஒருத்தன் மட்டும் தேடல. என் மச்சான் பிள்ளைக ரெண்டு பேரு தேடுறானுக. அவனுகளுக்கு முந்தி நான் வந்துட்டேன். பொய் சொல்லாத.”

மகள் மதுரையில் கல்லூரியில் இருக்கிறாள், சனிக்கிழமை வருவாள். அதுதான் என் தலைக்குள் ஓடியது. இறப்புச் சான்றிதழில் இருப்பது அவருக்குத் தெரியாத ஊர், அதை நீட்டினாலும் போலி என்பார். அன்றைக்கு என் கோபம் உண்மையாக இருந்ததால் ஒரு பொய் நின்றது. இன்றைக்கு உண்மையைச் சொல்கிறேன், நிற்க மாட்டேன் என்கிறது. அழுதாலும் நடிப்பு என்பார். என்னிடம் வேறு எதுவும் இல்லாததால், அண்ணனின் கடைசி நாட்களைச் சொன்னேன்.

“ஈரல் கெட்டுப்போச்சு. நினைவு தப்பி மூணு நாள் கிடந்தாக. என் பேரைச் சொல்லல, எங்க அம்மா பேரைச் சொல்லல. ‘மதினி, மொச்சையும் கருவாடும் இன்னுங் கொஞ்சம் போடுங்க, மலை ஏறணும்’ன்னு ஒரே பேச்சு. ‘மதினி, அண்ணன் சாப்பிட்டாகளா?’ன்னு கேட்டாக. எங்களுக்கு அண்ணனும் கிடையாது, மதினியும் கிடையாது. வீட்டுல மூத்த பிள்ளையே அவருதான். யாரைக் கூப்புடுறாருன்னு எனக்குத் தெரியல. தண்ணி குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாக. மதினி குடுத்தாத்தான் குடிப்பேன்னாக. நான்தான் மதினின்னு சொல்லிக் குடுத்தேன். குடிச்சாக. அதோட சரி.”

முதலாளி என் தையல் மிஷினின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, போனது.

“என் வீட்டுக்காரி வைக்கிற மொச்சைக் கொழம்புக்கு அவன் உசுர விடுவான்” என்றார். இப்போது ‘அவன்’ என்றார். “நான் உள்ள இருக்கும்போதே அவளும் போய்ச் சேந்துட்டா. கடைசியா ஜெயில்ல மனுப் போட்டு என்னையப் பாக்க வந்தப்பக்கூட, ‘அந்தப் பய சாப்பாட்டுக்கு என்ன பண்றானோ’ன்னா. காறித் துப்பினேன் அவளை.”

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. “ஏலே, ஆளு இல்ல. போய்ச் சேந்தாச்சு. நெசமாத்தான்லே, நான் பாத்துட்டேன். இனிமே உங்க வண்டி கெங்குவார்பட்டிப் பக்கம் திரும்பக் கூடாது. திரும்பினா என்னைய உசுரோட பாக்க மாட்டீக.” போனை வைத்தார். எதைப் பார்த்துவிட்டார் என்று நான் கேட்கவில்லை. நாற்காலியை எடுத்த இடத்திலேயே திருப்பிப் போட்டார். என்னிடம் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை, சாவு வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வெளியே எதிர்ச் சாரியில் தெருக்குழாய் இருக்கிறது. அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் குடத்தைக் கேட்டு வாங்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, பங்காளி செத்த சேதி பிந்திக் கேட்டவர் எங்கள் பக்கம் செய்வதுபோல, வேட்டி சட்டையோடு நடுத்தெருவில் நின்று, அந்தக் குடத்துத் தண்ணீர் முழுவதையும் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.